சிறைத்தீவில் எழுதிய திருமறை

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் துறைமுகத்தில், மேசை மலையை முதுகுக்குப் பின்னே விட்டு வடக்கே நோக்குவோருக்குக் கடலோடு ஒட்டிக் கிடக்கும் பழுப்பு நிறக் கீற்று ஒன்று தென்படும். அதுவே ராபன் தீவு. ஒல்லாந்தர் மொழியில் 'ராபன்' என்றால் கடல்நாய்கள். முதன்முதலில் அங்கு இறங்கிய மாலுமிகள் கண்டது அவற்றையே. தீவின் பரப்பு ஏறக்குறைய 5 சதுர கிலோமீட்டர்தான். நம்மூர்ப் பக்கத்துப் பெரிய கண்மாய்கள் சில அதனினும் அகலமானவை. ஆயினும், ஒல்லாந்தர் கேப்பில் காலூன்றிய 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் 20ஆம் நூற்றாண்டின் இறுதிவரை, ஆள்வோர்க்கு வேண்டாதவர்களைக் கொண்டுபோய்த் தள்ளும் இடமாக அச்சிறு நிலம் இருந்து வந்தது. முதலில் கைதிகள், பின்னர் தொழுநோயாளரும் மனநோயாளரும், பின்னர் மீண்டும் கைதிகள்.

இன்று அத்தீவு அருங்காட்சியகம். 1997ஆம் ஆண்டு அது மக்களுக்குத் திறந்து விடப்பட்டது. 1999இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ அமைப்பு அதனை உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக அறிவித்தது. நெல்சன் மண்டேலாவின் பெயர் தாங்கிய படகுத்துறையிலிருந்து நாள்தோறும் பயணிகள் புறப்படுகின்றனர். அட்லாண்டிக் கடலின் குளிர்ந்த அலைகளைக் கடந்து அரைமணி நேரத்திற்குச் சற்று அதிகமான பயணம். நாம் சென்ற படகில் பல நாட்டு மக்களும் இருந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ எல்லோரும் ஒரே ஒரு மனிதர் இருந்த அறையைக் காணவே வந்தவர்கள். அதில் வியப்பில்லை. 27 ஆண்டுச் சிறைவாழ்வில் 18 ஆண்டுகளை அம்மாமனிதர் அங்கேதான் கழித்தார். ஆனால் அத்தீவின் கதையை 1964ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவது, ஒரு நூலை நடுவிலே பிரித்துப் படிப்பதற்கு ஒப்பாகும். முஸ்லிம்களாகிய நமக்கு அதன் முற்பகுதியில் நெருங்கிய உரிமை உண்டு.

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி வணிகக் கம்பெனி என்ற பெயரில் இயங்கிய ஓர் அரசு. ஜாவாவின் பத்தாவியா நகரம் அதன் தலைமையிடம். இலங்கையின் கரையோரம், சோழமண்டலக் கரையில் பழவேற்காடு, நாகப்பட்டினம், ஆப்பிரிக்காவின் தென்முனையில் கேப் ஆகியவை அதன் கைப்பிடியில் இருந்த இடங்கள். சரக்கு ஏற்றிச் சென்ற அதே கப்பல்களில் மனிதர்களையும் ஏற்றினார்கள். அடிமைகளாக விற்கப்பட்டவர் ஒரு சாரார். கம்பெனியை எதிர்த்து நின்ற சுல்தான்கள், இளவரசர்கள், ஆலிம்கள் மற்றொரு சாரார். கிழக்கே கிளர்ச்சி செய்தவரை இலங்கைக்கு அனுப்புவது வழக்கம். இலங்கையும் பாதுகாப்பன்று என்று தோன்றினால் கேப்புக்கு அனுப்புவார்கள். கேப்பிலும் அடங்காதவருக்கு ராபன் தீவு. சிறைக்குள் சிறை என்பது இதுதான்.

மக்காசரைச் சேர்ந்த ஷைகு யூசுஃப் (ரஹ்) அவர்களின் வரலாறு இவ்வழியை நன்கு விளக்கும். பாண்டன் சுல்தானகத்தின் போரில் ஒல்லாந்தரை எதிர்த்துப் போராடிச் சிறைப்பட்ட அன்னாரை 1684இல் இலங்கைக்கு நாடு கடத்தினார்கள். அங்கே அவர்கள் சும்மா இருக்கவில்லை. கிதாபுகள் எழுதினார்கள். ஹஜ்ஜுக்குச் செல்லும் வழியிலும் திரும்பும் வழியிலும் இலங்கையில் தங்கிய கீழ்த்திசைப் பயணிகள் வாயிலாக அன்னாரின் எழுத்தும் சொல்லும் தாயகம் சென்றடைந்தன. கம்பெனி அஞ்சியது. பத்தாண்டுகளுக்குப் பின், 1694இல், குடும்பத்தினரும் சீடர்களுமாக 49 பேருடன் அன்னாரைக் கேப்புக்குக் கப்பலேற்றியது. நகரத்திலிருந்து தொலைவிலுள்ள ஒரு பண்ணையில் குடியமர்த்தப்பட்டு, 1699இல் அங்கேயே மறைந்தார்கள். அவர்கள் ராபன் தீவில் இருந்தவர்கள் அல்லர். ஆயினும் தப்பியோடிய அடிமைகள் அவர்களைத் தேடி வந்தார்கள் என்பதும், கேப்பில் முதல் முஸ்லிம் சமூகம் அவர்களைச் சுற்றியே உருவாயிற்று என்பதும் அந்நாட்டு வரலாற்று நூல்கள் ஒப்புக்கொள்ளும் செய்திகள். 1995இல் இந்தோனேசியா அவர்களைத் தன் தேசிய வீரராக அறிவித்தது. 2005இல் தென்னாப்பிரிக்காவும் உயரிய விருது அளித்துப் போற்றியது.

தீவுக்கு வருவோம். சிறைக்கூடத்தின் மதிலுக்கு வெளியே, சற்றே தள்ளி, ஒரு சிறிய கட்டடம் குவிமாடத்துடன் நிற்கிறது. அது மதுரா நாட்டு சையித் அப்துர் ரஹ்மான் (ரஹ்) அவர்களின் அடக்கத்தலம் என்று கேப் முஸ்லிம்கள் வழிவழியாகக் கூறி வருகின்றனர். மதுரா என்றதும் நம் மதுரையை நினைத்துவிட வேண்டாம். அது ஜாவாவை அடுத்துள்ள ஒரு தீவு. 1740களில் அங்கிருந்து நாடு கடத்தப்பட்ட அன்னார் 1754இல் ராபன் தீவிலேயே மறைந்தார்கள் என்பது வழக்கு. அத்தலத்தை அவ்வூர் மக்கள் 'கராமத்' என்று அழைக்கின்றனர். நம் தமிழகத்தில் கராமத் என்றால் இறைநேசர்களின் அற்புதச் செயல். அங்கோ அற்புதம் நிகழ்த்தியவர் அடங்கிய இடத்துக்கே அச்சொல் ஆகிவிட்டது. கேப் டவுனைச் சுற்றி வளையம்போல் அத்தகைய கராமத்துகள் பல உள்ளன. தம் நகரை அவை காத்து நிற்பதாகப் பலர் நம்புகின்றனர். அந்நம்பிக்கை பற்றி நம் வாசகர்களிடையே பலவகைக் கருத்துகள் இருக்கக்கூடும். அதைப் பற்றிய வாதம் இக்கட்டுரைக்குத் தேவையற்றது. பெயரும் ஊரும் பறிக்கப்பட்டு விற்கப்பட்ட ஒரு மக்கள் கூட்டம், "எங்களுக்கும் முன்னோர் உண்டு, அவர்கள் இந்த மண்ணில்தான் உறங்குகிறார்கள்" என்று சுட்டிக்காட்ட ஓரிடம் வைத்திருந்தது என்பதே நம் கருத்தைக் கவர்ந்தது.

ஒரு செய்தியை இங்கே சொல்லாமல் போக இயலாது. அக்கட்டடம் இப்போதுள்ள வடிவில் எழுப்பப்பட்டது 1969ஆம் ஆண்டு. அப்போது மண்டேலாவும் தோழர்களும் அதே தீவில், கூப்பிடு தூரத்தில், கல்லுடைத்துக் கொண்டிருந்தார்கள். அதே 1969இல்தான் கேப் டவுனின் இமாம் அப்துல்லாஹ் ஹாரூன், நிறவெறி அரசின் காவலில் 123 நாட்கள் தனிமைச் சிறையில் வைக்கப்பட்டு, செப்டம்பர் 27ஆம் நாள் மரணமடைந்தார்கள். மாடிப்படியில் வழுக்கி விழுந்ததாகக் காவல்துறை கூறியது. ஜனாஸாவில் பல்லாயிரவர் திரண்டனர். அடக்கம் செய்யப்பட்ட அன்றிரவு கேப் பகுதியில் நிலம் அதிர்ந்ததை முதியோர் இன்றும் சொல்வதுண்டு. 2023இல் நீதிமன்றம் அவ்வழக்கை மீண்டும் விசாரித்து, படியில் விழுந்த கதையைத் தள்ளி, சித்திரவதையே மரணத்துக்குக் காரணம் என்று தீர்ப்பளித்தது. இடைப்பட்டவை 54 ஆண்டுகள். இமாமின் துணைவியார் அத்தீர்ப்பைக் கேட்க உயிரோடு இல்லை.

இத்தீவோடு பிணைந்த முஸ்லிம் பெயர்களுள் தலையாயது துவான் குரு அவர்களின் பெயர். 'துவான்' என்பது மலாய் மொழியில் ஐயா, எஜமான் என்பது போன்ற மரியாதைச் சொல். குரு என்பதை விளக்க வேண்டியதில்லை. இயற்பெயர் இமாம் அப்துல்லாஹ் இப்னு காழி அப்துஸ் ஸலாம். கிராம்பு விளையும் திதோர் தீவின் அரச குலத்தவர். 1712இல் பிறந்தவர்கள். ஆங்கிலேயருடன் சேர்ந்து சதி செய்ததாகக் குற்றஞ்சாட்டி ஒல்லாந்தர் அவர்களையும் வேறு சிலரையும் பிடித்து, 1780 ஏப்ரலில் கேப்பில் கொண்டுவந்து இறக்கினார்கள். அப்போது அன்னாருக்கு வயது 68. மற்றவர்கள் பேரக்குழந்தைகளோடு திண்ணையில் அமரும் வயது. அவர்களுக்கு ராபன் தீவு கிடைத்தது.

திருக்குர்ஆன் பிரதி கையில் இல்லை. கேப்பில் எங்கும் எளிதில் கிடைக்கக்கூடியதும் இல்லை. அடிமைகளிடம் கிதாபுகள் ஏது? முஸ்லிம்கள் தம் மார்க்கத்தை வெளிப்படையாகக் கடைப்பிடிப்பதையே கம்பெனியின் சட்டம் தடுத்திருந்தது. பிறரை மார்க்கத்திற்கு அழைப்பதற்கு மரணதண்டனை வரை விதிக்க இடமிருந்தது. இந்நிலையில் ஹாஃபிளான அம்முதியவர் தம் நெஞ்சிலிருந்த திருமறையை ஏட்டில் இறக்கத் தொடங்கினார்கள். ஆறாயிரத்திற்கு மேற்பட்ட ஆயத்துகள். ஒப்புநோக்க மற்றொரு பிரதியில்லை, திருத்திக் கொடுக்க மற்றோர் ஆசானும் இல்லை. முழுக் குர்ஆனையும் அவ்வாறு எழுதி முடித்தார்கள். ஒரு பிரதி அன்று, பின்னரும் எழுதினார்கள். மிகச் சில பிழைகளே அதில் காணப்படுகின்றன என்று பார்த்தவர்கள் கூறுகின்றனர். ஹிஃப்ளு மத்ரஸாவில் பிள்ளைகளைச் சேர்த்துள்ள நம் குடும்பங்களுக்கு, எழுபதை எட்டும் வயதில் ஒருவர் மனனத்தை மட்டுமே நம்பி முப்பது ஜுஸ்உவையும் எழுதுவது எத்தகைய காரியம் என்பதை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

1781இல் இன்னொரு கிதாபையும் முடித்தார்கள். ஈமான், இஸ்லாம் பற்றிய அந்நூல் அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்டது. அரபியும் மலாயும் கலந்தது. இமாம் ஸனூஸி அவர்களின் அகீதாவை அடியொற்றியது. அல்லாஹ்வின் இருபது ஸிஃபத்துகளை நம் மக்தபுகளில் ராகத்தோடு ஒப்பித்தது போலவே கேப்பின் பிள்ளைகளும் ஒப்பித்தார்கள். அவர்களும் காயல்பட்டினம், கீழக்கரை மக்களைப் போல ஷாஃபிஈ மத்ஹபினர். நம்மைப் போலவே ராத்திபு ஓதுகிறவர்கள். வெவ்வேறு கரைகளில், ஒருவரையொருவர் அறியாமல், ஒரே பாடம் நடந்திருக்கிறது.

ஏறக்குறைய 12 ஆண்டுச் சிறைவாசத்திற்குப் பின் விடுதலையான துவான் குரு, தாயகம் திரும்பவில்லை. எண்பதை எட்டிய வயதில் கேப் டவுனிலேயே மணம் முடித்து, டார்ப் தெருவில் 1793இல் ஒரு மத்ரஸாவைத் தொடங்கினார்கள். அடிமைகளும் விடுதலை பெற்ற அடிமைகளும் அவர்களின் பிள்ளைகளும் அங்கே ஓதினார்கள். 1807இல் அன்னார் மறைந்த காலத்தில் மாணவர் தொகை 372. கிறிஸ்தவ எஜமானர்களின் பிள்ளைகளுக்கே பள்ளிக்கூடம் அரிதாயிருந்த ஊரில் இது சிறு எண்ணிக்கையன்று. பள்ளிவாசல் கட்ட அனுமதி கேட்டு மறுக்கப்பட்டது. கைவிடப்பட்ட கற்குழி ஒன்றின் திறந்த வெளியில் ஜமாஅத்தாகத் தொழுதார்கள். மத வழிபாட்டுச் சுதந்திரம் சட்டமாக வந்தது 1804இல்தான்.

அம்மத்ரஸா மரபிலிருந்து பிற்காலத்தில் தோன்றிய ஒன்று தமிழ் முஸ்லிம்களுக்குத் தனிச்சுவை தரும். அடிமைகள் பேசிய ஒல்லாந்தச் சாயல் மொழியே பின்னர் ஆஃப்ரிகான்ஸ் என்று பெயர் பெற்றது. கேப் முஸ்லிம்கள் அம்மொழியை அரபி எழுத்தில் எழுதினார்கள். துருக்கி சுல்தான் அனுப்பிய அபூபக்கர் எஃபந்தி என்னும் அறிஞர் அம்முறையில் எழுதிய ஃபிக்ஹு நூல் 1877இல் இஸ்தான்புல்லில் அச்சேறியது. அரபுத் தமிழில் மாலைகளும் மஸ்அலாக்களும் ஓதி வளர்ந்த நமக்கு இதில் அந்நியம் எதுவும் தோன்றாது. ஆனால் அதே ஆஃப்ரிகான்ஸ் மொழியைத்தான் நிறவெறி அரசு பின்னாளில் தன் அதிகார மொழியாக்கிக் கறுப்பினப் பிள்ளைகள்மீது திணித்தது. ராபன் தீவின் காவலர்கள் கைதிகளை ஏசிய மொழியும் அதுவே. அம்மொழியின் ஆரம்பகால ஏடுகளுள் பல அரபி எழுத்தில், முஸ்லிம்களால் எழுதப்பட்டவை என்பதை அக்காவலர்களில் எத்தனை பேர் அறிந்திருப்பார்கள்?

பயணிகள் காணவரும் சிறைக்கூடம் 1960களில் எழுந்தது. கைதிகளே கல்லுடைத்து, கைதிகளே சுமந்து, தம்மை அடைக்கும் சுவரைத் தாமே எழுப்பினார்கள். உள்ளே வழிகாட்டுவோர் முன்னாள் அரசியல் கைதிகள். இது நல்ல ஏற்பாடா என்று நாம் நெடுநேரம் எண்ணிப் பார்த்தோம். பட்டவரே சொல்லும்போது சொல்லுக்கு ஒரு கனம் உண்டு. ஆனால் தம் இளமையை விழுங்கிய அறைக்கு நாள்தோறும் திரும்பி, புதிய முகங்களிடம் அதே துன்பத்தை வயிற்றுப்பாட்டுக்காக மீண்டும் மீண்டும் எடுத்துரைப்பது ஒரு மனிதருக்கு எளிதாக இருக்க முடியாது. படம் எடுக்கும் அவசரத்தில் பயணிகள் இதனை மறந்துவிடுகின்றனர்.

மண்டேலாவின் அறையில் பாய், போர்வை, சிறு மேசை, வாளி ஆகியவை வைக்கப்பட்டுள்ளன. இருகை விரித்தால் இருபுறச் சுவரும் எட்டிவிடும் போலத் தோன்றும் அறை. நம்மை அதைவிட அதிகமாக நிறுத்தி வைத்தது உணவுப் பட்டியல். நிறவெறி என்பதைப் பல நூல்கள் விளக்கியதைக் காட்டிலும் அப்பலகை தெளிவாக விளக்குகிறது. ஆசியருக்கும் கலப்பினத்தவருக்கும் ஓர் அளவு, கறுப்பினத்தவருக்கு மற்றோர் அளவு. இறைச்சி ஒருவருக்கு 6 அவுன்சு, மற்றவருக்கு 5. ஜாம் ஒருவருக்கு 1 அவுன்சு, மற்றவருக்கு ஒன்றுமில்லை. ஒரே வழக்கில், ஒரே தண்டனை பெற்று, ஒரே கூடத்தில் இருந்தவர்களுக்கு இந்த அளவுகோல்.

இப்பட்டியலின் கொடுமையை முழுதாக அனுபவித்தவர் அதிகம் பெற்றவர்தாம் என்று சொன்னால் விந்தையாக இருக்கும். அஹ்மத் கத்ராடா குஜராத்தி முஸ்லிம் குடும்பத்தில் 1929இல் பிறந்தவர். 1964 ஜூன் 12இல் மண்டேலாவுடன் ஆயுள்தண்டனை பெற்றார். எட்டுப் பேர் தண்டிக்கப்பட்டனர். வெள்ளையரான டெனிஸ் கோல்ட்பெர்க்கைப் பிரிட்டோரியாவிலேயே நிறுத்திக்கொண்டு, மற்ற எழுவரை மறுநாள் தீவுக்குக் கொண்டு சென்றார்கள். அங்கே வெள்ளையர் சிறை என்பது வேறு, கறுப்பர் சிறை என்பது வேறு. அவ்வெழுவரில் இளையவர் கத்ராடா. வயது 34. அவருக்கு முழுக்காற்சட்டையும் காலுறையும் ரொட்டியும் கிடைத்தன. அவருக்குத் தந்தை வயதொத்த வால்டர் சிசுலுவுக்கும், கோவன் எம்பெகிக்கும், மண்டேலாவுக்கும் சிறுவர் அணியும் அரைக்காற்சட்டை. ஆப்பிரிக்க ஆண்மகனை வயது எதுவாயினும் 'பையன்' என்று அழைத்த ஆட்சியின் மனப்பான்மை அது. பெரியவர்கள் குளிரில் நடுங்க, இளையவர் முழு உடையில் நிற்பது, மூத்தோரை மதித்து வளர்ந்த ஒரு முஸ்லிம் வீட்டுப் பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும்? கிடைத்த உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டாம், எல்லோருக்கும் அது கிடைக்கப் போராடுவோம் என்பதே மூத்தவர்களின் முடிவு. ஆண்டுகள் பல சென்று அது நிறைவேறியது.

சிறையில் தம்மை மிகவும் வாட்டியது எது என்று கேட்டவர்களிடம், குழந்தைகளைக் காண முடியாமையே என்று கத்ராடா பலமுறை கூறியிருக்கிறார். சிறுபிள்ளைகள் அத்தீவுக்குள் வர அனுமதியில்லை. தீவிலும் பின்னர் தலைநிலத்துச் சிறையிலுமாக 1989 அக்டோபர் வரை இருந்து விடுதலையானார். 1992இல் ஹஜ்ஜு செய்தார். பின்னர் அதே தீவின் அருங்காட்சியக மன்றத்திற்குத் தலைவராக இருந்தார். உலகத் தலைவர்கள் பலருக்கும் அவரே அங்கு வழிகாட்டினார். 2017 மார்ச்சில் மறைந்தார்.

சுண்ணாம்புக் கற்குழியையும் பேருந்திலிருந்தே காட்டுகின்றனர். வெண்கல்லில் பட்டுத் தெறிக்கும் வெயிலில் ஆண்டுக்கணக்கில் உழைத்துக் கண்பார்வை கெட்டவர் பலர். கறுப்புக் கண்ணாடி கேட்டு அது கிடைக்க மூன்றாண்டு ஆயிற்று. ஆயினும் அக்குழியிலேதான் படித்தவர் படியாதவருக்குப் பாடம் சொன்னார்கள். எழுத்தறியாமல் வந்த பலர் கற்றவர்களாகத் திரும்பினார்கள். கைதிகள் தீவைத் தம் பல்கலைக்கழகம் என்றே அழைத்தார்கள். மண்டேலா மறைவாக எழுதிய தன்வரலாற்றை லாலு சீபா என்னும் இந்திய வம்சாவளித் தோழர் பொடி எழுத்தில் படியெடுக்க, 1976இல் விடுதலையான மாக் மகாராஜ் அதனை வெளியே கடத்தினார். முற்றத்தில் புதைத்த மூலப்பிரதி அகப்பட்டுப் போனதால் மண்டேலா, சிசுலு, கத்ராடா மூவரும் நான்காண்டு படிப்புரிமையை இழந்தனர். தமிழ்ப் பெயர்களும் அத்தீவின் பதிவேட்டில் உண்டு. காந்தியடிகளின் சத்தியாகிரகத்தில் முன்னணியில் நின்ற தம்பி நாயுடுவின் பேரர் இந்திரஸ் நாயுடு 1963 முதல் பத்தாண்டு அங்கிருந்தார். சன்னி வெங்கடரத்தினம் என்பார் தம்மிடமிருந்த ஷேக்ஸ்பியர் தொகுப்புக்குத் தீபாவளி வாழ்த்தட்டைகளை ஒட்டி, சமய நூலென்று காவலரை நம்பவைத்துக் காத்துக்கொண்டார். தோழர்கள் அந்நூலில் தத்தமக்குப் பிடித்த பகுதியருகே கையெழுத்திட்டார்கள்.

இருநூறு ஆண்டு இடைவெளியில் ஒருவர் அரபி எழுத்திலும் மற்றவர் ஆங்கில எழுத்திலும், ஒருவர் மனனத்திலிருந்தும் மற்றவர் நினைவிலிருந்தும், அதே தீவில் ஏடுகளை நிரப்பியிருக்கின்றனர். அங்கே வந்திருந்தோரில் கராமத்தைக் காட்டி "அது என்ன?" என்று கேட்டவர் இருவர் மூவரே. வழிகாட்டியவர் அன்போடு சில சொற்களில் விடையளித்தார். நாம் ஃபாத்திஹா ஓதினோம். படகு காத்துக்கொண்டிருந்தது.

துவான் குரு அவர்களின் கையெழுத்துக் குர்ஆனைக் காண விரும்புவோர் தீவில் தேடக்கூடாது. கேப் டவுனில் போ-காப் என்னும் பழைய முஸ்லிம் குடியிருப்பில், டார்ப் தெருவிலுள்ள அவ்வல் பள்ளிவாசலில் அது கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது. பெயருக்கேற்ப அந்நாட்டின் முதல் பள்ளிவாசல் அது. 1980களின் நடுவில் கட்டடம் பழுதுபார்த்தபோது பரணில், ஒரு காகிதப் பைக்குள், தூசு படிந்து கிடந்த ஏடுகளைக் கண்டெடுத்து அடுக்கிக் கட்டினார்கள்.

அப்பள்ளிவாசலின் நிலத்தைப் பற்றி ஒரு செய்தி. அது கொரிடன் என்னும் விடுதலை பெற்ற அடிமைக்குச் சொந்தமானது. 1794இல் அவர் அதைப் பெற்றார். கேப் டவுனில் நிலம் உடைமை பெற்ற முதல் முஸ்லிம் அவரே என்பர். ஒல்லாந்தப் பதிவேட்டில் அடிமைகளுக்குத் தந்தை பெயர் எழுதுவதில்லை, பிறந்த இடத்தையே எழுதுவார்கள். அவருக்கு எழுதப்பட்டது 'இலங்கையைச் சேர்ந்த கொரிடன்'. அவருக்குப் பின் அந்நிலம் அவர் மனைவி திரைனுக்கும், பிறகு மகள் சார்க்கிக்கும் வந்தது. சார்க்கி, துவான் குருவின் மாணவரும் பின்னாளில் இமாமுமான வங்காளத்து அஹ்மதை மணந்தவர். அவ்விடம் பள்ளிவாசலாகவே நிலைக்க வேண்டுமென்று 1841இல் மரணசாசனம் எழுதிவைத்தவர் அவரே. தாய் திரைனுக்குப் பதிவேட்டில் உள்ள பெயர் 'கரையைச் சேர்ந்த திரைன்'. இந்தியக் கரையை, அதிலும் பெரும்பாலும் நம் சோழமண்டலக் கரையைக் குறிக்க ஒல்லாந்தர் எழுதிய சொல் அது. எந்த ஊர், எந்தத் தெரு என்று எழுத்தர் எழுதவில்லை.